பொட்டு வைத்த கோப்புகள்

மலேசியாவின் பிரிக்பீல்ட்ஸில் குணபூசணியோடு சண்டை போடாத மனிதர் ஒருவர் இருந்தாரென்றால், அவர் அன்றைக்குத்தான் ரயிலிலிருந்து இறங்கியவராக இருக்க வேண்டும். கோவில் ஒலிபெருக்கிகூட அவள் வீட்டுப் பக்கம் திரும்பும்போது தொண்டையைத் தணித்துக்கொள்ளும் என்பார்கள். ரயில்வே கிளார்க் கந்தையாவின் மூத்த மகள். கான்வென்டில் படித்து, அரசாங்க அலுவலகத்தில் தட்டெழுத்தாளராகச் சேர்ந்து, மேலதிகாரிகள் எழுதிய கடிதங்களில் தப்புக் கண்டுபிடித்து, திருத்தாமல் தட்டமாட்டேன் என்று விரல்களை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தே பெயர் வாங்கியவள். கலியாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் சொன்னாள். ஒருவருக்குச் சொன்னதை இன்னொருவருக்குச் சொன்னதில்லை.

அவளுடைய சண்டைகளிலெல்லாம் நீளமானது, தங்கை குணேஸ்வரியின் கணவர் சிவசம்புவோடு போட்டது. அது ஒரு டுரியான் பழத்தில் தொடங்கியது. புது மாப்பிள்ளையாக வீட்டுக்கு வந்த சிவசம்பு, பழத்தைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தே உள்ளே சுளை எப்படி இருக்கிறதென்று சொல்லிவிடுவேன் என்றார். உறவு முழுவதும் கூடியிருந்தது. ஆட்டினார், கேட்டார், "எல்லாச் சுளையும் தங்கம்" என்று தீர்ப்புச் சொன்னார். குணபூசணி கத்தியை எடுத்துப் பிளந்தாள். உள்ளே ஒரு புழு. அந்தக் கதையை அவள் சொல்லச் சொல்லப் புழு வளர்ந்தது. செமினியில் இருந்த சின்னம்மா வீட்டுக்குக் கதை போய்ச் சேர்ந்தபோது அது மலைப்பாம்பாகி, மாப்பிள்ளையின் கடிகாரத்தை விழுங்கியிருந்தது. சிவசம்பு அதை மன்னிக்கவில்லை. மன்னிக்கும்படி அவளும் கேட்கவில்லை.

இப்படிப்பட்ட இரண்டு பேரையும் விதி ஒரே அலுவலகத்தில் கொண்டுபோய் உட்காரவைத்தது. கிள்ளானில் மைதீன் முதலாளியின் கப்பல் ஏஜென்சி. துறைமுகத்துக்குப் போகிற சரக்குக்கெல்லாம் சுங்கப் பத்திரம் தயார்செய்து கொடுக்கிற இடம். பின்னறையில் ஒரு யூனிக்ஸ் கணினி. அதிலிருந்து கம்பி இழுத்து மேசைக்கு மேசை பச்சை எழுத்துத் திரைகள். கணினிப் பிரிவுக்கு மேனேஜர், அரசாங்க வேலையில் ஓய்வுபெற்று வந்த சிவசம்பு. ஆங்கிலத்தில் வழிகாட்டி நூல் ஒன்று எழுதி, நீல அட்டை போட்டு, தன் மேசையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். தமிழ்ப் பள்ளியில் படித்துவிட்டு வேலைக்கு வந்த பிள்ளைகள் அதைத் திறக்கவே பயந்தார்கள். அதனால் 1991-ஆம் ஆண்டு மைதீன், அரசாங்க வேலையை விட்டு அங்கே தட்டெழுத்தாளராக வந்திருந்த குணபூசணியைக் கூப்பிட்டு, அதைத் தமிழில் எழுதித் தரச் சொன்னார்.

"உங்க மச்சான் எழுதின புக்குதானே அக்கா. குடும்பத்துக்குள்ள வேலை, சுலபமா முடிஞ்சிரும்லா," என்றார் அந்த நல்ல மனிதர்.

குணபூசணிக்கு ஒரு வழக்கம் இருந்தது. புத்தகத்தில் எழுதியிருப்பதைத் திரையில் செய்து பார்க்காமல் தமிழில் தட்டமாட்டாள். ஊழியர் ஒவ்வொருவருக்கும் கணினிக்குள் தனித்தனியாக ஓர் இடம் இருந்தது. அதற்கு அவள் 'அறை' என்று பெயர் வைத்தாள். அறைக்குள் இருப்பவை கோப்புகள். கோப்புகளின் பெயர்களை ஒவ்வொன்றாகத் தட்டச் சோம்பலாக இருந்தால் ஒரு நட்சத்திரக் குறியைத் தட்டினால் போதும். கட்டளையை முதலில் வாங்கிக்கொள்கிற ஷெல் என்கிற நிரல், நட்சத்திரத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பெயர்களை அடுக்கிக் கொடுத்துவிடும். "நட்சத்திரம் அறையிலுள்ள எல்லாக் கோப்புகளையும் குறிக்கும்" என்று சிவசம்பு எழுதியிருந்தார். அவளும் அப்படியே தமிழாக்கி, வழக்கப்படி சோதித்துப் பார்க்க, பக்கத்து மேசை வள்ளியம்மாவின் அறையைத் திறக்கச் சொன்னாள்.

வள்ளியம்மா ரவாங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவள். கிள்ளானில் அக்கா வீட்டில் தங்கியிருந்தாள். ரப்பர் கையுறை ஏற்றுமதிப் பத்திரங்கள் முழுவதும் அவள் கையில். நாள் முழுக்கத் தட்டுவாள். ஆனால் அவள் அறையில் நட்சத்திரத்தைப் போட்டால் இரண்டு மூன்று வெற்றுக் கோப்புகள்தான் வந்தன.

"உன் வேலையெல்லாம் எங்கே பிள்ளை?"

"இருக்குக்கா. பேர் சொல்லிக் கூப்பிட்டாத்தான் வரும்." வள்ளியம்மா ஒரு பெயரைத் தட்டினாள். பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி. பத்திரம் திரை நிறைய விரிந்தது.

"முன்னாடி என்ன புள்ளி?"

"பொட்டுக்கா. திருஷ்டிப் பொட்டு. வேலைக்கு வந்த புதுசுல ராதாகிருஷ்ணன் அண்ணன் என் பின்னாடி வந்து நின்னு, 'ஏயப்பா, எவ்ளோ வேகமா அடிக்கிற'ன்னாரு. அன்னைக்கே கரண்டு போயி அடிச்சதெல்லாம் அழிஞ்சிபோச்சு. அதிலேர்ந்து முக்கியமான ஃபைலுக்கெல்லாம் தலையில ஒரு பொட்டு வச்சிருவேன். அன்னைக்கிலேர்ந்து லிஸ்ட்டுல எவன் கண்ணுக்கும் படறதில்ல. அதான்கா பொட்டோட சக்தி."

கைக்குழந்தையின் கன்னத்தில் மை வைக்கிற மாதிரி, கணினிக் கோப்பின் தலையில் புள்ளி வைத்திருந்தாள் அந்தப் பெண். அவள் சொன்னதில் தப்பும் இல்லை. புள்ளியில் தொடங்கும் பெயர்களைக் கணினி தன் சொந்தச் சாமான்களுக்கு என்று வைத்திருந்தது. மனிதர் கண்ணில் பட்டு இடைஞ்சல் செய்யாமலிருக்கப் பட்டியல் அவற்றைக் காட்டாது. நட்சத்திரமும் அவற்றைத் தொடாது. குணபூசணிக்கு உச்சி குளிர்ந்தது. டுரியானுக்குப் பிறகு அவளுக்கு அப்படியொரு சந்தோஷம் கிடைத்ததில்லை.

அன்றைக்கே ஒரு வரி சேர்த்தாள்: "புள்ளியில் தொடங்கும் பெயர்கள் நீங்கலாக." சிவசம்பு அந்தத் தாளை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இது என்ன, மிஸ் குணபூசணி?"

"உங்க வரிக்குக் கதவு போட்டிருக்கேன், மிஸ்டர் சிவசம்பு. திறந்து கிடந்துச்சு."

"எல்லா ஃபைலும்னு எழுதியிருக்கேன். எல்லாம்னா எல்லாம்."

"டுரியானையும் அப்படித்தான் சொன்னீங்க."

மேசைகளில் தட்டும் சத்தம் நின்றது. சிவசம்புவின் காது சிவந்தது. "ஃபைலுக்குப் பொட்டு வைக்கிற கிறுக்குக்கெல்லாம் நான் மேனுவல் எழுத முடியாது. நாளைக்கு ஒருத்தி கம்ப்யூட்டருக்கு மாலை போடுவா. அதுக்கும் ஒரு பக்கம் எழுதலாமா?"

"எழுதலாம். எந்தப் பக்கம் மாலை போடறதுன்னு நீங்க ஆட்டிப் பார்த்துச் சொல்லுங்க."

அவர் சிவப்புப் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்து, ஓரத்தில் 'தேவையற்றது' என்று எழுதினார். குணபூசணிக்குக் கோபம் தலைக்கு ஏறினால் மலேசியாத் தமிழ் இறங்கிப்போய் யாழ்ப்பாணம் நாக்கில் வந்து குந்திக்கொள்ளும். "நீர் என்ன தேவை, என்ன தேவையில்லை எண்டு என்னோட கதைக்க வேண்டாம்," என்றாள்.

பிறகு நடந்தது போர். அந்த வரியைத் துண்டுச் சீட்டில் தட்டி, கோந்து தடவி நூலில் ஒட்டினாள். அவர் கிழித்தார். மறுபடி ஒட்டினாள். இந்த முறை இன்னும் ஒரு வாக்கியம் சேர்த்து: "அவையும் வேண்டுமானால் புள்ளியும் நட்சத்திரமும் சேர்த்து எழுதுக." எதையும் செய்து பார்க்காமல் தட்டாதவள், அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் செய்து பார்க்கவில்லை. கோந்து காய்வதற்குள் ஒட்ட வேண்டுமே. அவர் அதையும் கிழித்தார். போர் பிரிக்பீல்ட்ஸ் வரைக்கும் பரவியது. குணேஸ்வரி கொடுத்தனுப்பிய மீன் குழம்பு மூடி திறக்காமல் திரும்பிப் போனது. கிள்ளான் அலுவலகத்தில் கோந்து தீர்ந்து, பக்கத்து ஊர்க் கடைகளிலும் தீர்ந்து, ஒரு வாரம் கடிதம் ஒட்ட முடியாமல் தபால் நிலையம் தவித்தது என்றுகூடச் சொன்னார்கள். கடைசியில் மைதீன், "புது மெஷின் வருது. அது வந்து நிக்கட்டும், அப்புறம் சண்டை போடுங்க," என்று கும்பிட்டார். நூல் சிவசம்பு எழுதியபடியே நின்றது.

புது மெஷின் ஒரு சனிக்கிழமை வந்தது. பழையதிலிருந்து ஆளாளுக்குத் தங்கள் அறையைக் காந்த நாடாவில் நகலாக ஏற்றி, புதியதில் இறக்க வேண்டும். செய்முறை நூலில் இருந்தது: உங்கள் அறைக்குள் போங்கள், நட்சத்திரத்தைத் தட்டுங்கள். சிவசம்பு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மேசை மேசையாக நடந்தார். குணபூசணி ஒரு டப்பா முறுக்குக் கொண்டுவந்து, நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

வள்ளியம்மாவின் முறை வந்தது. நட்சத்திரத்தைத் தட்டிவிட்டு, விரலைத் தூக்கியபடி திரும்பினாள். "அக்கா, இது எல்லாத்தையும் எடுத்துக்கும்தானே?"

ஒரு வார்த்தை போதும். நாக்கு நுனியில் இருந்தது. அதே நேரம் சிவசம்புவும் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை காலை அந்த முகம் எப்படிக் கறுக்கும் என்று குணபூசணி நினைத்துப் பார்த்தாள். நினைப்பே முறுக்கைவிட ருசியாக இருந்தது.

"மேனுவல்ல அப்படித்தான் எழுதியிருக்கு," என்றாள்.

திங்கட்கிழமை கறுத்தது வேறு முகம். கையுறைப் பெட்டிகள் துறைமுகத்தில் ஏறுவதற்குக் காத்திருந்தன. புது மெஷினில் ஒரு பத்திரமும் இல்லை. வள்ளியம்மா பெயர் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டாள், எதுவும் வரவில்லை. கையுறைக் கம்பெனிக்காரர் தொலைபேசியில் கத்தியது கடைசி மேசைக்குக் கேட்டது. சிவசம்பு ஸ்டோருக்குப் போய், சாக்குப் போட்டு மூடியிருந்த பழைய மெஷினை உயிர்ப்பித்து, வள்ளியம்மாவின் அறைப் பட்டியலைப் பார்த்தார். பழையதிலும் இரண்டு மூன்று வெற்றுக் கோப்புகள்தான் தெரிந்தன; பொட்டு மறைக்கும் என்ற கதையை அவர் நம்பியதே இல்லை. அவர் நேராக மைதீனிடம் வந்தார்.

"காப்பி பண்றதுல தப்பு இல்ல பாஸ். அங்கேயும் ஒண்ணும் இல்ல. இந்தப் பிள்ளை இத்தனை மாசமா வேலையே செய்யல. சும்மா உட்கார்ந்து தட்டுற மாதிரி நடிச்சிருக்கு."

வள்ளியம்மா எழுந்து வந்தாள். "இருக்கு முதலாளி. பேர் சொல்லிக் கூப்பிட்டா..."

"பேய் மாதிரியா?" என்றார் சிவசம்பு. யாரோ சிரித்தார்கள்.

மைதீன் கெட்டவர் அல்லர். ஆனால் கப்பல் அவருக்காக நிற்காது. "சாயங்காலம் பழைய மெஷினை ஏத்திக்கிட்டுப் போக லோரி வருது. அதுக்குள்ள ஃபைலைக் காட்டும்மா. இல்லன்னா நாளைக்கு நீ வர வேணாம்."

குணபூசணி எய்த அம்பு சிவசம்புவைத் தொடாமல் அந்தப் பெண்ணின் நெஞ்சில் போய் நின்றது. அது அவளுக்குப் புரிந்தது. புரிந்ததும் வந்தது வெட்கமல்ல, இன்னும் கொஞ்சம் கோபம். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"ஃபைல் இருக்கு பாஸ். பொட்டு வச்சிருக்கு, அதனால இவருக்குத் தெரியல. டுரியானுக்குள்ள புழு இருந்ததும் இவருக்குத் தெரியல. வாங்க, காட்டுறேன்."

அலுவலகம் முழுவதும் ஸ்டோருக்குள் நெருக்கியடித்து நின்றது. வள்ளியம்மா மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, பேரெல்லாம் எனக்கு மனப்பாடம். ஒண்ணொண்ணா எடுத்துக் குடுத்துடறேன்கா."

"எதுக்கு ஒண்ணொண்ணா? என் சீட்டைக் கிழிச்சாரே, அதுல இருக்கிறதையே செஞ்சு காட்டறேன். மனுசர் பார்க்கட்டும்." வள்ளியம்மாவின் அறைக்குள் போய், நாடாவை மாட்டி, புள்ளியும் நட்சத்திரமும் தட்டினாள்.

நாடா சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. "பழைய மெஷின், கிழடு," என்றாள். மதியச் சாப்பாடு கழிந்தது, நாடா நிற்கவில்லை. ஒருவழியாக நின்றதும் அதை எடுத்துப்போய்ப் புது மெஷினில் போட்டு இறக்கினாள். இறங்குகிற கோப்புகளின் பெயர்கள் வரிசையாகத் திரையில் ஓடின. முதலில் வள்ளியம்மாவின் கையுறைப் பத்திரங்கள், ஒவ்வொன்றும் தலையில் பொட்டோடு. வள்ளியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குணபூசணி இடுப்பில் கைவைத்துச் சிவசம்புவைப் பார்த்தாள்.

"இது ஏன் என் ஃபைல் பேரு வருது?" என்றார் பின்னாலிருந்து ராதாகிருஷ்ணன்.

பிறகு எல்லாருடைய பெயர்களும் வந்தன. சிவசம்புவின் அறையிலிருந்து நாலு நம்பர் லாட்டரிக் கணக்குகள் கிழமைவாரியாக ஓடின. குணபூசணியின் அறையிலிருந்து சிவசம்பு-தவறுகள்-1, சிவசம்பு-தவறுகள்-2 என்று ஒரு நீண்ட ஊர்வலம் போனது. யாருக்கும் சிரிக்கத் தோன்றவில்லை. ஏனென்றால் அன்று காலையிலிருந்து புது மெஷினில் அவர்கள் திருத்தி வைத்திருந்த கோப்புகளின் மேலேயே, சனிக்கிழமையின் பழைய கோப்புகள் வந்து உட்கார்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொருவர் செய்த வேலையும் அவரவர் கண் முன்னால் அழிந்தது.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் சிவசம்பு. ஒவ்வோர் அறையிலும் கணினி தானாகவே இரண்டு பெயர்களை வைத்திருக்கும்: ஒற்றைப் புள்ளி என்றால் இந்த அறை, இரட்டைப் புள்ளி என்றால் இதற்கு மேலே உள்ள இடம், அதாவது எல்லார் அறைகளும் அடங்கிய கூடம். அவையும் புள்ளியில்தானே தொடங்குகின்றன? குணபூசணி போட்ட வலை பொட்டு வைத்த கோப்புகளோடு கூடத்தையும் சேர்த்து இழுத்து வந்துவிட்டது.

"இது உங்க சீட்டுல இல்லையே, மச்சாள்," என்றார். இத்தனை வருடத்தில் முதல்முறையாக அவளை உறவு சொல்லி அழைத்தார். அதைவிடப் பெரிய வசவு அவள் கேட்டதில்லை.

வள்ளியம்மாவின் வேலை தப்பியது. சரக்கும் நேரத்துக்குக் கப்பல் ஏறியது. மைதீன், சிவசம்புவையும் குணபூசணியையும் தன் அறையில் ஒரே மேசைக்கு எதிரெதிரே உட்காரவைத்தார். "அந்த நட்சத்திரப் பக்கத்தை இப்பவே எழுதுங்க. அக்கா எழுதறதை மேனேஜர் மெஷின்ல செஞ்சு பார்க்கணும். மேனேஜர் எழுதறதை அக்கா செஞ்சு பார்க்கணும். ரெண்டு பேருக்கும் சரின்னு படற வரைக்கும் யாரும் வீட்டுக்குப் போகக்கூடாது. வெளியில இருக்கிறவங்க அழிஞ்சதைத் திரும்ப அடிச்சிக்கிட்டு இருக்காங்க; அவங்க மூஞ்சியைப் பார்க்கிறதைவிட இங்கேயே இருக்கிறது உங்களுக்கு நல்லது."

அவர்கள் எழுதினார்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் உடைக்க வழி தேடுவதைத் தவிர வேறு எண்ணமே இல்லாததால், அந்தப் பக்கம் ஓட்டையில்லாமல் வந்தது:

"நட்சத்திரக் குறி அறையிலுள்ள கோப்புகளின் பெயர்களைக் குறிக்கும்; புள்ளியில் தொடங்கும் பெயர்களைக் குறிக்காது. பெயரின் நடுவிலோ கடைசியிலோ புள்ளி இருந்தால் பாதகமில்லை. பட்டியலில் தெரியாத கோப்பு இல்லாத கோப்பு அன்று. அதையும் காண, பட்டியல் கட்டளையோடு -a சேர்த்துத் தட்டுக. புள்ளியும் நட்சத்திரமும் சேர்த்து எழுதினால் மறைந்த பெயர்கள் வரும். கூடவே ஒற்றைப் புள்ளியாகிய இந்த அறையும், இரட்டைப் புள்ளியாகிய மேலிடமும் வரும். ஆகவே நகலெடுப்பதற்கு அதை ஒருபோதும் எழுதற்க. அறை முழுவதும் வேண்டுமானால் நட்சத்திரம் வேண்டாம். ஒற்றைப் புள்ளி மட்டும் போதும்."

கடைசி வாக்கியம் சிவசம்புவுடையது. குணபூசணி அதை உடைக்கப் பார்த்தாள், முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினாள்.

தட்டிய தாளை முதலில் வள்ளியம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். நன்றி வரும் என்று நினைத்திருப்பாள். வள்ளியம்மா நிதானமாக வாசித்தாள். முதல் வரியில் விரலை வைத்தாள்.

"இதைத்தானே சீட்டுல எழுதி ஒட்டிக்கிட்டே இருந்தீங்க?"

"அதேதான். அந்த மனுசர்தான் கிழிச்சுக்கிட்டே இருந்தார்."

"அப்ப சனிக்கிழமை நான் கேட்டப்பவே உங்களுக்குத் தெரியும்."

எத்தனையோ பேர் எத்தனையோ காரணம் கேட்டபோதெல்லாம் ஆளுக்கொரு கதை சொன்ன குணபூசணிக்கு, அன்றைக்கு ஒரு கதையும் வாயில் வரவில்லை.

"நல்லா எழுதியிருக்கீங்க, மேடம்," என்று வள்ளியம்மா தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

அன்றிலிருந்து மேடம்தான். தேநீர் கொண்டுவந்து வைத்தாலும் மேடம். வழியில் கண்டாலும் மேடம். ஊரோடு சண்டை போட்டுத் தூங்குகிறவளுக்கு இந்த ஒரு மரியாதை தூக்கத்தைக் கெடுத்தது. அவள் மன்னிப்புக் கேட்கிற சாதி இல்லை, தட்டுகிற சாதி. ஒரு துண்டுச் சீட்டில் இன்னொரு வரி தட்டி, அந்தப் பக்கத்தின் அடியில் ஒட்டினாள்: "இதை அறிந்தவர், கேட்பவரிடம் உடனே சொல்ல வேண்டும்."

மறுநாள் சிவசம்பு அதைப் பார்த்தார். "இது கம்ப்யூட்டரைப் பத்தி இல்ல. தேவையற்றது," என்று கிழித்தார். அவள் ஒட்டினாள். அவர் கிழித்தார். மறுபடி கோந்துப் புட்டி மேசைக்கு வந்தது. அலுவலகம் தலையில் கைவைத்தது.

மூன்றாவது சீட்டு ஒட்டிய அன்று, வள்ளியம்மா எழுந்து வந்தாள். நூலைத் தன் பக்கம் திருப்பி வாசித்தாள். பிறகு நெற்றியிலிருந்த ஒட்டுப் பொட்டை எடுத்து, அந்த வரிக்கு முன்னால், சீட்டும் தாளும் சேருகிற விளிம்பின் மேல் வைத்து விரலால் அழுத்தினாள். இனி அந்தப் பொட்டை உரிக்காமல் சீட்டை உரிக்க முடியாது.

"திருஷ்டி படக்கூடாதுல்ல, மேடம்," என்று சொல்லிவிட்டுத் தன் மேசைக்குப் போய் உட்கார்ந்தாள்.

சாயங்காலம் சிவசம்பு வழக்கம்போல வந்தார். பக்கத்தைத் திறந்தார். விரல் நகத்தைச் சீட்டின் ஓரத்துக்குக் கொண்டுபோனவர் அப்படியே நின்றார். சுமங்கலியோ கன்னியோ, ஒரு பெண் வைத்த பொட்டை ஓர் ஆண்பிள்ளை தன் கையால் உரிப்பதா? சாமி படத்தை மேசையில் வைத்திருக்கிற யாழ்ப்பாணத்து மனிதர். நகத்தை இழுத்துக்கொண்டார். திரும்பிப் பார்த்தார். குணபூசணி முறுக்கைக் கடித்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது உங்க வேலைதானே?"

"இல்ல மச்சான்," என்றாள். அது உண்மையாக இருந்ததில் அவளுக்கே வருத்தம்.

நூலைப் பட்டென்று மூடிவிட்டு அவர் போனார். அந்தச் சீட்டு, அவள் ஓய்வுபெற்றுப் போன பிறகும், பொட்டின் சிவப்பு வெளுத்துப் போன பிறகும், அங்கேயே இருந்தது. அவளை வழியனுப்பிய நாளில் வள்ளியம்மா ஒரு தட்டில் பூவும் பழமும் வைத்து, இரண்டு கையாலும் நீட்டி, "போய்ட்டு வாங்க, மேடம்," என்றாள்.